தாம்பூலப் பையில் தேதி படித்தவர்

“உங்க கம்ப்யூட்டர்ல ஆடி மாசம் இருக்குதா மேடம்?” என்று அந்த அம்மா கேட்டார்.

தட்டாஞ்சாவடியில் தாம்பூலப் பை தைக்கும் கம்பெனி. எத்தனை பேரை வேலைக்கு வைப்பது என்று திட்டமிட நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் என்ற மிடுக்கு எனக்கு.

அந்த அம்மா பைக்குக் கைப்பிடி தைப்பவர். ஒல்லியான உடம்பு, தோளெல்லாம் நூல் துணுக்கு. பையில் அச்சிட்ட கல்யாணத் தேதியை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் தைப்பார்.

ஆனிக் கடைசியில் ஆர்டர் சரிந்தது. பத்துப் பேரை நிறுத்தினேன், அவரையும் சேர்த்து.

“ஆவணி பொறந்தா வரிசையா முகூர்த்தம். அப்ப யாரு தைப்பாங்க? இருக்கிற வேலைய நாங்க நாள் பிரிச்சி செஞ்சிக்கிறோம்,” என்றார் அந்த அம்மா.

“டேட்டா அப்படிச் சொல்லலம்மா,” என்றேன்.

அவர் கையிலிருந்த பையின் தேதியைப் படித்து, தைத்து முடித்துவிட்டே எழுந்தார்.

ஆவணிக்கு ஆர்டர் குவிந்தது, தைக்க ஆளில்லை. ஒரு கல்யாணத்துக்குப் பை போய்ச் சேரவே இல்லை. எங்கள் வீட்டிலும் ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை. அது தெரிந்தும் என் கணக்கில் சேர்க்கவில்லை. இன்றும் கூசுகிறது.

யாரையும் நிறுத்தாமல் நாள் பிரிக்கும் பட்டியலில் முதலாளியிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். அந்த அம்மாவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட, பட்டியலோடு நெல்லித்தோப்பில் அவர் வீட்டுக் கதவையும் தட்டிவிட்டேன்.