மத்தியானத்தில் சரிந்த இமைகள்

உடம்பு சரியில்லை என்று சொல்ல வந்த ஒரு மாணவியை, வகுப்பே சிரிக்கும்படி கேலி செய்து அனுப்பியவன் நான். சில ஆண்டுகளுக்கு முன், தஞ்சாவூருக்கு வெளியே வயல்களை ஒட்டிக் கட்டிய ஒரு தனியார் கல்லூரியில் இது நடந்தது. அரசுக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபின், அங்கே பிசியோதெரபி முதலாண்டு மாணவர்களுக்கு உடற்கூறும் உடலியங்கியலும் நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் போனவன்தான். ஆனால் போன இடத்திலும் அலுப்பு விடவில்லை. வாழ்நாளெல்லாம் நடத்திய அதே பாடம். அதுவும் காலையில் ஒரு வகுப்பு போக, சாப்பாட்டுக்குப் பின் இன்னொரு வகுப்பு. முழங்கால் வலியோடு கரும்பலகைக்கும் மேஜைக்கும் நடந்தபடி, என் குரல் எனக்கே தூக்கம் வரவழைக்கும்.

முதலாண்டு மாணவர்களிடம் ஒரு விசித்திரம் உண்டு. எந்த நோயைப் படிக்கிறார்களோ, அது தங்களுக்கும் இருப்பதாகத் தோன்றிவிடும். இதயம் நடத்தினால் படபடப்பு. சிறுநீரகம் நடத்தினால் இடுப்பு வலி. தைராய்டு நடத்தும் வாரத்தில் பாதி வகுப்பு கழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிச் சிரிப்போம். "இந்த வாரம் என்ன சீசன் சார்?" என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்பார். "மஞ்சக்காமாலை" என்பேன் நான்.

அந்தப் பெண் கூத்தாநல்லூரிலிருந்து கல்லூரிப் பேருந்தில் வந்துகொண்டிருந்தாள். காலை வகுப்பில் அவள் கேட்கும் சந்தேகங்களுக்கு நான் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதே பெண் மத்தியானம் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு இருப்பாள். ஒரு கண் பாதி மூடியிருக்கும். "என்னம்மா, நைட்டெல்லாம் போன்தானா?" என்று கேட்டிருக்கிறேன். "இல்ல சார்" என்பாள். நான் நம்பியதில்லை.

நரம்பின் கட்டளை தசைக்குப் போய்ச் சேருகிற இடத்தைப் பற்றி ஒருநாள் நடத்தினேன். வழக்கம்போல் கடைசியில், அதைச் சேர்ந்த நோயையும் சொன்னேன். மயஸ்தீனியா என்று பெயர். நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேராது. உழைக்க உழைக்கத் தசை ஓய்ந்துவிடும், இமை சரியும், மெல்ல முடியாது, ஓய்வெடுத்தால் கொஞ்சம் தேறும். அபூர்வமான நோய், ஆனால் தேர்வில் கேட்பார்கள் என்று சொல்லி முடித்தேன்.

மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்பே அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"சார், எனக்கு இதெல்லாம் இருக்கு. காலைல நல்லாத்தான் இருக்கேன். மத்தியானம் ஆனா கண்ணு தானா இறங்கிடுது. பாதி சோத்துலயே தாடை அசந்துபோயிடுது சார், கையால புடிச்சுக்கிட்டுதான் மெல்றேன்."

இதைவிடத் தெளிவாக எந்த நோயாளியாலும் சொல்ல முடியாது. அன்று என் மனதில் இருந்ததோ, எப்போது போய் டீ குடிக்கலாம் என்பது மட்டும்தான். வகுப்பைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். "பாத்தீங்களாப்பா, போன வாரம் எல்லாருக்கும் கழுத்து. இந்த வாரம் கண்ணு. அடுத்த வாரம் கர்ப்பப்பை நடத்தப் போறேன், பசங்களும் ஜாக்கிரதையா இருங்க!"

வகுப்பு அதிர்ந்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள். உதடுகள் விரியவில்லை. அதுவும் அந்த நோயின் அடையாளம்தான். நான் அதைப் பார்த்தேன். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். "ஒண்ணுமில்லம்மா, நேரத்தோட தூங்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதன்பின் அவள் உள்ளே வரும்போதெல்லாம் சில பையன்கள் ஒரு கண்ணைச் சரித்துக் காட்டுவார்கள். அதையும் பார்த்தேன். கண்டிக்கவில்லை.

சம்பா அறுவடை சமயத்தில் அவளுக்குக் காய்ச்சலும் சளியும் வந்தன. சளியைத் துப்பவும் பலமில்லாமல் மூச்சு திணறி, தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் செயற்கை சுவாசம் வைத்தார்கள். பார்த்துவிட்டு வந்த அவளுடைய தோழி, ஆசிரியர் அறை வாசலில் நின்று என்னிடம் சொன்னாள்: "சார், நீங்க நடத்துனீங்களே, அதேதானாம்."

அன்று மாலையே போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அவள் அப்பா இருந்தார். வளைகுடாவில் வேலை, செய்தி கேட்டு ஓடி வந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழுந்து தன் நாற்காலியைத் தந்தார்.

"உட்காருங்க சார். கண் டாக்டர்கிட்ட காட்டலாம்னுதான் வீட்டுல பேசிக்கிட்டிருந்தாங்க. 'சாரே ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க, அத்தா'ன்னு புள்ள எனக்கு போன் பண்ணிச் சொல்லுச்சு. இதையே சொல்லிக் குடுக்குறவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நாங்களும் விட்டுட்டோம்."

குற்றம் சாட்டும் குரலே இல்லை. தப்பு என்னுடையது, அவளைக் கேலி செய்தேன் என்று சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சட்டைப்பையில் சில்லறையைத் தேடினார். பிறகு, "டீ சாப்பிடுறீங்களா சார்?" என்றார்.

அவள் பிழைத்தாள். ஆனால் வருகை போதாமல் அந்த ஆண்டு வீணானது. பல்கலைக்கழக விதியை மாற்ற முடியாது என்று முதல்வர் கைவிரித்தார். அவள் திரும்பி வரும்போது உதவும் என்று, முதலாண்டுக்கு என் மத்தியான வகுப்பைக் காலைக்கு மாற்றியதுதான் நான் வாங்க முடிந்த ஒரே சலுகை. பிறகு, எந்த வகுப்பில் கேலி செய்தேனோ அதே வகுப்பில் நின்று, நான் செய்ததை முழுவதும் சொன்னேன். பாரம் இறங்கியது போல இருந்தது. அந்த நிம்மதியோடுதான் கூத்தாநல்லூருக்குப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

தலையணையில் சாய்ந்திருந்தவள் விட்டுவிட்டுப் பேசினாள். "கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னீங்களாமே சார்?"

"ஆமாம்மா."

"என்னைக் கேக்கலையே சார் நீங்க. இப்ப ஆளாளுக்குப் போன் பண்றாங்க. பதில் சொல்லிச் சொல்லியே அசந்துபோறேன்."

அவள் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "இனிமே யாராச்சும் வந்து சொன்னா உக்கார வச்சுக் கேளுங்க. அது போதும்" என்றாள்.

அடுத்த ஆண்டு தன்னைவிட இளையவர்களோடு மீண்டும் முதலாண்டில் சேர்ந்தாள். நேரத்துக்கு மாத்திரை, இடையிடையே ஓய்வு என்று சமாளித்தாள். நான் அவள் சொன்னபடி செய்யத் தொடங்கினேன். வகுப்பு முடிந்து படபடப்போடும் இடுப்பு வலியோடும் வருகிறவர்களை உட்காரவைத்துக் கேட்பேன். அநேகமாக ஒன்றுமே இருக்காது. எப்போதாவது ஒரு ரத்தசோகை. கேட்டு முடிப்பதற்குள் உடம்பு சோர்ந்துவிடும். இருந்தாலும் டீ பிறகுதான்.

அந்த ஆண்டின் கடைசி வாரங்களில், ஒல்லியான ஒரு மாணவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவளே ஆசிரியர் அறைக்கு வந்தாள். "இவளுக்கு அடிக்கடி தலை சுத்துதாம் சார். உங்ககிட்ட சொல்லப் பயப்படுறா" என்றாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "சொல்லுடி, சார் இப்ப கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை; கேட்டால், அதற்கும் பதில் சொல்லி அவள்தானே களைத்துப்போக வேண்டும்.