பத்தாம் நம்பர் ஸ்பேனர்

செந்தூர்பாண்டிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்றைக்கு ரெண்டு காதும் மிளகாய்ப்பழமாகச் சிவந்து கிடந்தது. கிடக்காதா பின்னே? துறைமுக ரோட்டில் பதினெட்டு வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவனைப் பத்துப் பேர் முன்னால், "கோளாறைச் சரிபண்ணாம அழிச்சிட்டுக் குடுத்திருக்கியேலே" என்று கேட்டால் எவனுக்குப் பொறுக்கும்?

கேட்டவர் தனராஜ் சார். நாசரேத்துக்காரர், ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். அவர் சொல்லித்தான் சர்ச்சுக்கு வருகிற வாத்தியார் வீட்டுக் கார்கள் எல்லாம் செந்தூர்பாண்டியிடம் வருகின்றன. அதே வாய் மாற்றிச் சொன்னால் அத்தனையும் போகும். கார் போனால் மயிரே போச்சு, பேர்? ஏரல் பக்கத்து வயலை விட்டுவிட்டு வந்து அவன் சம்பாதித்தது அது ஒன்றுதான்.

நடந்தது இதுதான். சார் காரில் புகையை அளக்கிற சென்சார் கெட்டு எஞ்சின் விளக்கு எரிந்தது. செந்தூர்பாண்டி ஒரிஜினல் சென்சாரே போட்டான். பழசையும் டப்பாவில் வைத்து சார் கையில் கொடுத்தான். விளக்கு அணைந்தது. ஒரு மாசம் கழித்து சார் காரை விற்கப் போனார். வாங்க வந்த சாத்தான்குளம் டெரன்ஸ், கையோடு ஒரு ஸ்கேனரும் கொண்டுவந்தான். காருக்குள் இருக்கிற கம்ப்யூட்டர், புகை சம்பந்தமான பாகங்களை வண்டி ஓட ஓடத் தானே சோதித்து, ஒவ்வொன்றுக்கும் 'ரெடி' என்று போட்டுவைக்கும். சார் காரில் ஒன்றுகூட ரெடி இல்லை. "யாரோ மெமரியை அழிச்சிருக்காங்க சார். கோளாறை மறைக்கத்தான் இப்படிப் பண்ணுவாங்க" என்று டெரன்ஸ் போட்டுக்கொடுத்துவிட்டான்.

"ரெண்டு நாள் வண்டியை எங்கிட்ட விடுங்க" என்று சாவியை வாங்கி வந்த செந்தூர்பாண்டி, ஷெட்டில் உருட்டாத சாமான் இல்லை. ஏற்கெனவே அங்கே அவன் வாய்க்குப் பயந்து ஆள் நிற்பதில்லை. போன வருஷம் சிவப்புப் பெயின்ட் அடித்த அவனுடைய பத்தாம் நம்பர் ஸ்பேனர் காணாமல் போனதற்கு, ஆறு வருஷம் கூட நின்ற சுடலைமாடனை வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே "களவாணிப் பயலே" என்று திட்டினான். சுடலைமாடன் கையைத் துடைத்துவிட்டுப் போனவன்தான், இன்றுவரை வரவில்லை.

விடிந்ததும் எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணி எட்டயபுரம் ரோட்டில் விட்டான். ஒரே வேகத்தில் கொஞ்ச தூரம், ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு கொஞ்ச தூரம், அப்புறம் ஓரங்கட்டி எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம்; இப்படி ஓட்டினால்தான் சோதனை முழுசாக முடிந்து ரெடி விழும். காலை ஏழு மணிக்கு டாஷ்போர்டு கடிகாரம் ஒன்றரை என்றது. "மணி வைக்கத் தெரியல, இந்த மனுஷன் என் தொழிலுக்கு மார்க் போடுதாராக்கும்!" என்று பல்லைக் கடித்தான். மறுநாளும் அதே ஓட்டம். சாயங்காலம் பார்த்தால் எல்லாம் ரெடி. போட்டோ எடுத்துக்கொண்டு வண்டியைக் கொண்டுபோய் விட்டான்.

மறுநாள் டெரன்ஸ் வந்து ஸ்கேனரைச் செருகினான். ஒன்றுகூட ரெடி இல்லை.

"இப்ப என்னலே சொல்லுத?" என்றார் சார். டெரன்ஸ் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. செந்தூர்பாண்டி போட்டோவை நீட்டினான், சார் அதைப் பார்க்கவே இல்லை. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கெல்லாம் சார் வீட்டு வாசலில் போய் நின்றான். 'இனிமே என் கடைப் பக்கமே வராதீங்க' என்று சொல்லிவிட்டு வருவதென்றுதான் போனான். அங்கே சார் பானெட்டைத் தூக்கி, குனிந்து, பேட்டரி வயரை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் பண்ணுதீய?"

"தினம் பண்ணுததுதான். ராத்திரி கழட்டுவேன், காலைல மாட்டுவேன்."

அடப்பாவி மனுஷா! வயரைக் கழற்றினால் மெமரி முழுக்கக் காலி. ரெடியும் போச்சு, கடிகாரமும் போச்சு. கண்ணுக்கு முன்னாலேயே ஒன்றரை என்று நின்றதே, பார்த்தானா? கோபத்தில் அந்தக் கண்ணும் அவிந்துதானே கிடந்தது.

"எந்த மடையன் சார் இதை உங்களுக்குச் சொல்லிக்குடுத்தான்? அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்..."

சார் நிமிர்ந்தார். "நீதான். போன வருஷம் பேட்டரி இறங்குது, இறங்குதுன்னு வந்தேன்லா? ராத்திரி கழட்டி வையுங்கன்னு ஸ்பேனரையும் குடுத்தியே. பெறகு புதுப் பேட்டரி போட்ட. போதும், இனிமே கழட்டாண்டாம்னு சொன்னியா?"

அவர் நீட்டிய ஸ்பேனரில் சிவப்புப் பெயின்ட் இருந்தது.

செந்தூர்பாண்டியின் காது மறுபடி சிவந்தது, இந்தத் தடவை கோபத்தில் இல்லை. "தப்பு என்னுது சார். டெரன்ஸ்கிட்ட நானே சொல்லுதேன்" என்றான். "நானும் தெருவுல வச்சுக் கேட்டிருக்கக் கூடாது" என்று சார் ஏதோ சொல்ல வந்தார். அவன் அதைக் கேட்க நிற்கவில்லை.

சுடலைமாடன் இப்போது உப்பு லாரி ஷெட்டில் வேலை பார்க்கிறான். டீ நேரம், ஏழெட்டுப் பேர் நின்றார்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம்தான். கூப்பிடவில்லை. நடுவில் போய் நின்று ஸ்பேனரைத் தூக்கிக் காட்டினான்.

"ஏலே சுடலை, இது எங்கிட்ட இருந்து காணாமப் போகல. நானே ஒருத்தருக்குத் தூக்கிக் குடுத்திருக்கேன். உன்னைக் களவாணின்னு சொன்ன வாய் இதுதான்."

சுடலைமாடன் டீயைக் கீழே வைத்தான். ஸ்பேனரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவன் கையிலேயே திணித்தான்.

"ஒரு வருஷம் ஆச்சு அண்ணாச்சி," என்றான். "எம் பொண்டாட்டிகூட எடுத்தியான்னு கேட்டா."