வெட்டச் சொன்ன கோரை

தேயிலை எஸ்டேட்டில் எங்கள் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் வெயில் படாது. மேலே சில்வர் ஓக் மரங்கள். கீழே குழாய்த் தண்ணீர் ஓடி, எப்போதும் சதசதவென்று கிடக்கும் மண். ரோஜா வைத்தேன், பூசணம் பிடித்துச் செத்தது. ஜெரேனியம் வைத்தேன், அழுகியது. கடைசியில் கோரை வைத்தேன்.

லயமே சிரித்தது. அவர்கள் சிரித்ததில் தப்பில்லை. கோரையைப் பிடுங்கித்தான் இத்தனை வருடம் சம்பளம் வாங்கினேன். ஆனால் இது தேயிலைக்குள் முளைக்கும் கிழங்குக் கோரை இல்லை. மழைத்தண்ணீர் வடிய வெட்டும் கான் ஓரத்தில், நீர் கசியும் நிழலில் வளர்வது. பூக்காம்பை விரலில் உருட்டினால் மூன்று பட்டை தெரியும். கான் வெட்டும்போது மண்வெட்டியோடு வந்த ஒரு குத்தைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தேன். குருத்து மண்ணில் புதையாமல் நட்டேன். வேறெதுவும் செய்யவில்லை. ஒரே மழைக்காலத்தில் இலைகள் வளைந்து குடையாக விரிந்தன. அந்த எஸ்டேட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

பிறகு தேயிலை விலை விழுந்தது. ஃபேக்டரி பாதி நாள் ஓடவில்லை. களை எடுக்க ஆள் விடவில்லை, மலை முழுக்கப் புதர். எஸ்டேட்டை விலைக்குப் பார்க்க யாரோ வருகிறார்கள் என்றதும் கோயம்புத்தூர்க்கார சூப்பர்வைசர் லயத்துக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, ஊட்டுக்குப் பொறத்தால களைய வளத்தி வெச்சிருக்கறே?"

"களை மலை பூரா கெடக்குங்கய்யா. இது நான் வச்ச செடி."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல. நாளைக்குள்ள வெட்டிப்போடு."

அவர் போனதும், என்னோடு களை எடுத்த பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள்: "வெட்டத்தானே சொன்னாரு. புடுங்கச் சொல்லலியே."

களை எடுத்தவர்களுக்கு இரண்டும் வேறு வேலை. பிடுங்கினால் வேரோடு போகும். வெட்டினால் முன்னைவிட அடர்ந்து வரும். மனுசன் கையில் அரிவாள் பிடித்திருந்தால்தானே தெரியும். நாலு விரல் உயரம் விட்டு மொட்டையடித்தேன். பார்க்க வந்தவர்கள் காரை விட்டு இறங்கவே இல்லை.

அடுத்த மழையில் அது இரண்டு பங்காகத் தழைத்தது. வேரைப் பிளந்து வீட்டுக்கு ஒரு குத்து கொடுத்தேன். வரிசை முழுக்கக் கோரை.

சூப்பர்வைசர் மறுபடி வந்தார். "வெட்டச் சொன்னனா இல்லையா?"

"வெட்டுனேங்கய்யா."

அக்கா தன் வாசலில் இருந்து குரல் கொடுத்தாள். "இன்னொரு தடவ சொல்லுங்கய்யா. இந்த வாட்டி லயமே சேந்து வெட்டுறோம்."