கால்ஷீட் இல்லாமல் ஒரு சாவு

முதல் ஷாட்

சினிமாவில் என் முதல் நாள் வேலை பிணமாகப் படுத்திருப்பது. வசனம் கிடையாது, நடை கிடையாது. படுத்தால் போதும்.

அந்த வேடத்துக்கு வரவேண்டிய பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பாடையில் படுக்கவைக்க மாட்டோம் என்று அவள் வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். கோடம்பாக்கத்தில் செட் போடும் தச்சராக இருந்த என் தாய்மாமா, "எங்க அக்கா மக ஒருத்தி இருக்கா, ஒல்லியா இருப்பா" என்று கம்பெனியில் சொல்லிவைத்துவிட்டு, காரைக்கால் பக்கத்தில் எங்கள் ஊரான நெரவிக்கு வந்தார். பிணம் என்று அம்மாவிடம் வாயைத் திறக்கவில்லை. "சும்மா படுத்துக் கெடக்குற வேலைதான், அக்கா. வெயில்ல நாத்து நடுறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றார். அப்பா இல்லாத வீடு. அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

செட்டில் என்னைப் பாடையில் கிடத்தி, மாலை போட்டு, நெற்றியில் காசு வைத்தார்கள். மேலே சுடச்சுட விளக்குகள். மாலைக்குள்ளிருந்து ஓர் எறும்பு கிளம்பிக் கழுத்தில் ஊர்ந்தது. டைரக்டர் கத்தினார்.

"ஏம்மா, மூச்சு விடுறியே! பொணம் மூச்சு விடுமா?"

மேக்கப் அண்ணன்தான் டச்-அப் செய்கிற சாக்கில் குனிந்து சொல்லிக்கொடுத்தார். "பாதி மூச்ச வெளிய விட்டுட்டு நிறுத்திக்க. இமைக்குள்ளாற கண்ணு உன் பாதத்தப் பாக்கணும். அப்பத்தான் இமை ஆடாது." அப்படியே செய்தேன். ஷாட் ஓகே.

ஓகே என்ற பிறகும் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. "எந்திரிச்சு கேமராவப் பாத்துச் சிரிம்மா!" என்றார் கேமராமேன். நான் புரியாமல் விழித்தேன். பிணமாக நடித்தவர் எழுந்து உயிரோடு சிரிப்பதை அதே பிலிமில் எடுத்து முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஆளுக்கு ஆகாது. அது எங்கள் தொழிலில் சம்பிரதாயம். எனக்கோ எறும்புக் கடி, பயம், பசி எல்லாம் சேர்ந்து சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மாலையும் கழுத்துமாகப் பாடையில் உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பில், ஒப்பாரி வைக்க வந்திருந்த துணை நடிகைகளும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை எடிட்டிங்கில் வெட்டி எடுத்துவிடுவார்கள். படத்துக்கு வேண்டியது பிணம் மட்டும்தான்.

நல்லா சாகிற பொண்ணு

அதற்குப் பிறகு எனக்கு வசனம் கிடைத்தது, பேர் கிடைத்தது, ஆயுள் மட்டும் கிடைக்கவில்லை. கதாநாயகனின் தங்கை நான். காசநோய், பாம்பு, ஆற்று வெள்ளம், பூச்சிமருந்து என்று காரணம்தான் மாறும். கடைசி ரீலுக்கு முன்னால் என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். "அந்த நெரவிப் பொண்ணு மாதிரி சாக ஆள் கெடையாதுய்யா" என்று ஸ்டூடியோ கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. சின்ன வயசு, என்ன தெரியும்?

அம்மா தெருப் பெண்களோடு காரைக்கால் கொட்டகைக்குப் போய் என் முதல் படத்தைப் பார்த்தாள். வாய்க்கரிசி போடுகிற இடத்தில் எழுந்து வெளியே வந்துவிட்டாள். வீட்டுக்குள் நுழையாமல் நேராகக் குளத்துக்குப் போய், சாவு வீட்டுக்குப் போய் வந்தவள் மாதிரி தலையோடு முங்கி எழுந்தாளாம். நான் ஊருக்கு வந்தபோது அவளே சொன்னாள்.

"பெத்தவ கண்ணால எத பாக்கக் கூடாதோ அத பாத்துட்டேன், பாப்பா. இனிமே உன் படம் எனக்கு வேணாம். நீ சாகாத படம் ஏதாச்சும் வந்தா சொல்லி அனுப்பு. ஓடி வர்றேன்."

அன்றைக்கு என்னைப் பிடித்த ஆசைதான் இது. விருது வேண்டாம், கதாநாயகி வேடம் வேண்டாம். அம்மா பார்க்கிற மாதிரி ஒரே ஒரு படத்தில் நான் கடைசிவரை உயிரோடு இருக்க வேண்டும். வாய்ப்புத் தரவந்த டைரக்டர்களிடம் எல்லாம் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "உன்னை உசுரோட வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

கடைசியில் ஒருவர் மனம் இறங்கினார். டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்க்கும் வாயாடித் தங்கை வேடம். படம் முழுக்கக் கலாட்டா. கடைசிக் காட்சி அண்ணன் கல்யாணம். பந்தியில் நின்று மணப்பெண்ணைச் சீண்டிச் சிரிக்க வேண்டும். கிளிசரின் பாட்டிலைத் தொடாமல் நான் நடித்த ஒரே படம் அது. முடிந்ததும் நேரே ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, இதுல நான் கடைசி வரைக்கும் இருக்கேன். கல்யாணப் பந்தியில சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அம்மா பெட்டியைத் திறந்து, படத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற புடவையை அப்போதே எடுத்து வைத்தாள்.

யாரும்மா போயிட்டா?

படம் வெளியான வாரம் எனக்கு வேறு ஷூட்டிங். அதை முடித்துவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது. காரைக்காலில் இறங்கி நெரவி பஸ் பிடிக்கும்வரை அம்மா என்ன சொல்வாள் என்பதே நினைப்பு. நான் பேசின வசனம் ஒன்றையாவது சொல்லிக்காட்டிச் சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

வாசலில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பொழுது சாயும் நேரம். கூந்தல் சொட்டச்சொட்ட நனைந்திருந்தது. அந்தப் புடவை துவைத்துக் கொடியில் கிடந்தது.

"யாரும்மா போயிட்டா?"

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீதான். வேற யாரு?"

மதியக் காட்சிக்குப் போய் வந்திருக்கிறாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா விஷயத்தைச் சொன்னதும் அன்று ராத்திரி ஆட்டத்துக்கு நானே போய் உட்கார்ந்தேன். படம் முழுக்கச் சனம் சிரித்தது. கல்யாணப் பந்தி வரவேண்டிய இடத்தில், முகம் தெரியாமல் முதுகு காட்டி நிற்கும் ஓர் ஆள், "தங்கச்சி ஆத்தோட போயிட்டாய்யா" என்றான். அண்ணன் அழுதான். அடுத்தது பாடை. பாடையில் நான். பெண்கள் பக்கத்திலிருந்து அழுகை எழுந்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

மெட்ராஸுக்குத் திரும்பியதும் டைரக்டர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவர் மறைக்கவில்லை. விநியோகஸ்தர்களுக்குப் பிரிவியூ போட்டிருக்கிறார்கள். எங்கள் டெல்டா பக்கத்துக்குப் படம் வாங்குகிறவர், "அந்தப் பொண்ணு உசுரோட வீட்டுக்குப் போனா எங்க ஏரியாவுல பொம்பளைங்க ரெண்டாந்தரம் வர மாட்டாங்க. அவ செத்தாத்தான் படப் பெட்டிய எடுப்பேன்" என்று எழுந்துவிட்டாராம். செட்டைப் பிரித்தாகிவிட்டது, மறுபடி எடுக்க நேரமில்லை. அதே கம்பெனி பாதியில் கைவிட்ட இன்னொரு படத்தில் நான் பாடையில் கிடந்த ஷாட் இருந்தது. அதை எடுத்து ஒட்டிவிட்டார்கள். அண்ணன் அழுததுகூட, கதையில் அவன் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகிற வேறு காட்சியில் அழுத அழுகைதான்.

"என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா சார்?"

"எதுக்கும்மா கேக்கணும்? புதுசா எடுத்தா கால்ஷீட் வேணும். இது எடுத்த ஷாட்டு. கம்பெனி சொத்து."

செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டேன்.

மறுபடி ஊருக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். பழைய பிலிம், வெட்டு, ஒட்டு, எதுவும் அவளிடம் செல்லவில்லை.

"நீ படுக்காம அங்க யாருடி படுத்திருந்தா?"

"நான்தாம்மா. ஆனா அது வேற படத்துக்குப் படுத்தது."

"படுத்தது நீதானே?"

"அந்த ஷாட் முடிஞ்சதும் நான் எந்திரிச்சு கேமராவப் பாத்துச் சிரிச்சேம்மா. அதுவும் அதே பிலிம்லதான் இருக்கு."

அம்மா கேட்டாள்.

"நீ செத்தத காட்டத் தெரிஞ்சவனுக்கு, சிரிச்சத காட்டத் தெரியலையா?"

சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொன்னேன் என்றே அம்மா கடைசிவரை நம்பினாள். அவள் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

பிறகு

சாகிற வேடம் வேண்டாம் என்று நான் சொல்ல ஆரம்பித்ததும் வாய்ப்பு மெல்ல நின்றது. மாமாவும் ஊர் திரும்பினார். காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராகச் சேர்ந்தேன். இப்போது நடிக்கப் போகிற பெண்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. சம்பளத்துக்கு அடித்துப் பேசுகிற மாதிரி இதற்கும் பேசுங்கள்: எடுத்த ஷாட்டை எந்தப் படத்துக்கு எடுத்தார்களோ அதில்தான் போட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். இன்றைக்கு கம்ப்யூட்டரில் உங்கள் முகத்தை வைத்து உங்களைக் கூப்பிடாமலே எதையும் செய்துவிடுவார்கள் என்கிறார்கள். எங்கள் காலத்தில் கத்தரிக்கோலும் பசையும் போதுமாக இருந்தன.

அம்மா என்னோடு இருந்த காலமெல்லாம் சண்டை சச்சரவு இல்லை. பள்ளிக்கூடம் விடுமுறையாக இருந்தால் மதியம் சாப்பிட்டுவிட்டு நான் கூடத்தில் மல்லாந்து படுப்பேன். அதுமட்டும் அவளால் தாங்க முடியாது. அடுப்படியில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிவந்து, என் தோளைப் பிடித்துப் புரட்டிவிடுவாள்.

"ஒருக்களிச்சுப் படு, பாப்பா. எனக்குப் பாக்க முடியல."

அம்மா போய் வெகுகாலமாகிறது. எனக்கும் எண்பது தாண்டிவிட்டது. முதுகுவலிக்கு மல்லாந்து படுக்கச் சொல்லி டாக்டர் ஒவ்வொரு தடவையும் திட்டுகிறார். சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்து, ஒருக்களித்துத்தான் படுக்கிறேன்.