பாண் வண்டியும் கொழும்புப் பெரியவரும்

நாடு முழுவதற்கும் போதைப்பொருள் ஒழிப்புக்குப் பொறுப்பாக இருந்த பொலிஸ் அதிகாரி எங்கள் தோட்டத்துக்கு வந்து பேசப் போகிறார் என்று தோட்டத்தை நடத்தும் துரை சொன்னார். ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. நான் அங்கே ஆபீசில் கிளாக்கர். மொழிபெயர்க்க வேண்டியது நான்தான் என்றும் சொன்னார். தோட்டத்தில் அநேகமாக எல்லாருக்கும் சிங்களம் வரும் என்பது துரைக்கும் தெரியும். ஆனால் மேலிடத்து உத்தரவில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும் என்று இருந்தது.

யுத்தம் முடியாத காலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காரும் அதற்கு முன்னும் பின்னும் ஜீப்புகளும் ஏறி வந்தன. ஆள் பிடிக்கும் சுற்றிவளைப்பு என்று நினைத்து, லயத்துக் குடியிருப்பு இளைஞர்கள் ரப்பர் மரங்களுக்குள் போய்விட்டார்கள். கூட்டம் அவர்களுக்காகத்தான். கடைசியில் உட்கார்ந்திருந்தவர்கள் பெண்கள், வேலையிலிருந்து நின்ற ஆண்கள், கைக்குழந்தைகள்.

மீசையும் பூட்சுமாக ஓர் ஆளை எதிர்பார்த்திருந்தேன். காரிலிருந்து இறங்கியவர் மெலிந்த உடம்பும் தடித்த கண்ணாடியுமாகத் தபாலதிபர் மாதிரி இருந்தார்.

"இளைஞர்கள் எங்கே?" என்று என்னைக் கேட்டார்.

"வேலைக்குப் போயிருக்கிறார்கள், சேர்."

"ஞாயிற்றுக்கிழமையிலா?"

"ஆமாம், சேர்."

அவர் மரங்களின் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துப்பாக்கிக்காரர்களை ரப்பர் ஸ்டோருக்குக் கீழே போய் நிற்கச் சொன்னார். அப்போதும் யாரும் மரங்களுக்குள்ளிருந்து வரவில்லை.

அவருடைய பேச்சைக் கொழும்பில் யாரோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். விமான நிலையம், துறைமுகம், ஆழ்கடல் படகு என்று போயிற்று. நான் 'சர்வதேச வலையமைப்பு' என்று மொழிபெயர்த்த இடத்தில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கையைத் தூக்கி, "அந்த வலைய எங்க கட்டியிருக்காங்க?" என்று கேட்டார். அதைச் சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி சிரிக்கவில்லை. "அதைத் தேடுவதுதான் என் வேலை என்று சொல்லுங்கள்" என்றார். அதற்குப் பிறகு தாளைப் பார்க்காமல் பேசினார். பேச்சு சீக்கிரம் முடிந்தது.

பிள்ளைக் காம்பராவில் தேநீர் ஏற்பாடாகியிருந்தது. தாய்மார் பால்வெட்டப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாதான் தேநீரும் மீன் வைத்த மாலுபாணும் கொண்டுவந்து வைத்தார். ஐம்பது வயது நெருங்கியவர். புருஷன் இறந்துபோனார், ஒரே மகன். அந்த மகன் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு வேலைக்குப் போய், திரும்பி வரும்போது தூள் பழக்கத்தோடு வந்தவன். இது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அவரிடம் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள், அவ்வளவுதான்.

துரையும் எங்கள் பகுதிப் பொலிஸ் பொறுப்பதிகாரியும் வெளியே படம் எடுப்பதற்கு நிழல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அதிகாரி, நான், ஆயா. ஆயா கோப்பையை வைத்துவிட்டு நல்ல சிங்களத்தில் சொன்னார்: "ஐயா, தூள் விற்கிறவன் பாண் வண்டிக்காரன்."

அந்தப் பாண் வண்டி, பாண், பனிஸ் என்று பேக்கரிச் சாமான் விற்கும் ஒரு த்ரீவீலர். காலையும் மாலையும் பாட்டுப் போட்டுக்கொண்டு லயங்களுக்கு வரும். ஓட்டுகிறவன் பஜாருக்குப் பின்னால் குடியிருந்த எங்கள் தமிழ் ஆள்தான். ரோட்டு வளைவுக்கு வந்ததும் பாட்டு நிற்கும் என்றார் ஆயா. மகன் பாண் வாங்க என்று போவான், பாண் இல்லாமல் வருவான். அவன் பின்னால் ஒருநாள் போய்க் கண்ணால் பார்த்திருக்கிறார்.

அதிகாரி கையில் பாதி மாலுபாண் இருந்தது. "இது?" என்றார்.

"அவன் வண்டியிலதான் வாங்கினோம்" என்று நான் சொன்னேன்.

அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு மிச்சத்தையும் சாப்பிட்டார். கைலேஞ்சியால் விரல்களைத் துடைத்தார்.

"நானே ஓர் ஆளைப் பிடித்துப் பல வருஷமாகிறது, அம்மா. யாரைப் பிடிப்பது, யாரை இப்போதைக்குப் பிடிக்காமல் விடுவது என்று முடிவு செய்வதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. இவனை இன்றைக்கே பிடிக்கலாம். அடுத்த வாரம் வேறொருவன் வருவான். இவனுக்குக் கொடுக்கிறவனைப் பிடிக்க வேண்டுமென்றால் கொஞ்ச காலம் இவனை விட்டுவைக்க வேண்டும்."

"எவ்வளவு காலம்?"

"ஒரு மாதம். கூடவும் ஆகலாம்."

அதுவரை சிங்களத்தில் பேசிய ஆயா என் பக்கம் திரும்பினார். "அது வரைக்கும் எம்மவன் அவன்கிட்டதானே வாங்குவான்? அதையும் இவரு பாத்துக்கிட்டு இருப்பாரான்னு கேளுங்க."

அன்றைக்கு எனக்கு வந்த ஒரே உருப்படியான மொழிபெயர்ப்பு வேலை அது. செய்தேன். அதிகாரி, "ஆமாம்" என்றார். சாக்குச் சொல்லவில்லை.

ஆயாவின் குரல் தாழ்ந்தது. "அப்ப மொதல்ல எம்மவனப் புடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க. பொறவு அவரு எவ்வளவு நாளு வேணும்னாலும் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோர்ட்டு மூலமாகப் புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பப் பார்ப்பதாகவும், முடிவு நீதவானுடையது என்பதால் வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார்.

"அடிப்பாங்களா?" என்று ஆயா கேட்டார்.

"அடிக்கக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்புவேன். என் ஆட்கள் வருவார்கள். இங்கே உள்ளவர்கள் வரமாட்டார்கள்."

வெளியே வந்து துரையோடும் பொறுப்பதிகாரியோடும் நின்று படம் எடுத்துக்கொண்டார். காரில் ஏறும்போது என்னிடம், "மூன்று பேருக்குத் தெரியும். நாலாவது ஆளுக்குத் தெரிந்தால் அது உங்களிடமிருந்துதான்" என்றார். அதை நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

அடுத்த வாரம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு நேரத்தில் ஒரு வேன் வந்தது. சாதாரண உடுப்பில் வந்தவர்கள் மகனுடைய சட்டைப் பையிலிருந்து பொட்டலங்களை எடுத்து, கையில் விலங்கு போட்டு ஏற்றினார்கள். ஆயா காம்பரா வாசலில் இருந்து ஓடிவந்து வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது நடிப்பா என்று நான் அன்றைக்கு யோசித்தேன். இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு அப்படி யோசித்ததே முட்டாள்தனம் என்று தெரிகிறது.

பாண் வண்டி இரண்டு மூன்று நாள் வரவில்லை. பிறகு பாட்டோடு வந்தது. ஆயா எப்போதும் போலப் பிள்ளைகளுக்குப் பாண் வாங்கினார். வண்டிக்காரன் அவருக்கு ஆறுதல் சொன்னதை நானே பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அழாதீங்கம்மா. கோட்டுல எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கு. நான் பேசிப் பாக்குறேன்."

"சரிப்பா" என்றார் ஆயா. "ரெண்டு ராத்தல் பாண் குடு."

இப்படி இரண்டு மாதத்துக்கு மேல் போயிற்று. அவன் சில நாள் காசு வேண்டாம் என்று ஒரு பனிஸ் கூடுதலாக வைப்பான். ஆயா அதை வாங்கிக்கொள்வார். மற்றப் பெண்கள் அவருக்குச் சூடு சுரணை இல்லை என்று பேசிக்கொண்டார்கள். அவர் காதிலும் அது விழுந்தது. உண்மையைச் சொல்ல எனக்கு ஒவ்வொரு நாளும் நாக்கு துறுதுறுத்தது. ஆனால் சொல்லவில்லை.

ஒருநாள் காலையில் பாட்டு கேட்கவில்லை. அவிசாவளை ரோட்டில் வண்டியைப் பிடித்ததாகவும், அதோடு கொழும்புப் பக்கம் ஒரு வீட்டையும் சோதனை போட்டதாகவும் பஜாரில் பேசிக்கொண்டார்கள். பேப்பரில் படம் வந்தது. மேசை நிறையப் பைகள், பின்னால் நம் அதிகாரி. முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. 'நம்பகமான தகவலின் பேரில்' என்று போட்டிருந்தார்கள். நான் அந்தப் பேப்பரை ஆயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படத்தைப் பார்த்துவிட்டு, "ஆளு இன்னும் மெலிஞ்சிட்டாரு" என்றார்.

அதற்குப் பிறகு அதிகாரி சில தடவை ஆபீசுக்குப் போன் பண்ணினார். முதல் தடவை துரைதான் எடுத்தார். எழுந்து நின்று பேசினார். ரிசீவரை என்னிடம் நீட்டியபோது அவர் முகம் பார்க்கத்தக்கதாக இருந்தது. அதிகாரி கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பையன் எப்படி?" ஓய்வு பெற்ற பிறகும் ஒருமுறை கேட்டார்.

பையன் அடுத்த வருஷம் திரும்பி வந்தான். உடம்பு தேறியிருந்தது. அம்மாவோடு சில மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நடுவில் ஒருமுறை கசிப்புக் குடியில் விழுந்தான், எழுந்தான். பிறகு பால்வெட்டில் பெயர் பதிந்து நிலையாக வேலைக்கு வந்தான்.

ஒருநாள் சம்பள விஷயமாக ஆபீசுக்கு வந்தவன், வேலை முடிந்தும் போகாமல் நின்றான்.

"கிளாக்கரய்யா, என்னையப் புடிக்கச் சொன்னது எங்கம்மாதான்னு எனக்கு வேன்ல ஏறும்போதே தெரியும். எம்பேரு கேக்காமலே, ஏத்துங்கன்னானுங்க. எந்தப் பையில இருக்குன்னும் தெரிஞ்சிருந்துச்சி."

நான் சம்பளப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"எனக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிறாதீங்க. சொன்னா ஒக்காந்து அழுதுகிட்டே இருக்கும்."

சொல்லமாட்டேன் என்றேன். அவன் வாளியை எடுத்துக்கொண்டு ஸ்டோர் பக்கம் இறங்கிப் போனான்.