மூன்றாம் ஓலைக்குள் விழுந்த நைரா

எங்கள் ஊரில் வெளிநாட்டுச் சம்பளத்தை யாரும் வெளிநாட்டுக் காசில் சொல்ல மாட்டார்கள். துபாயோ கத்தாரோ, சம்பளம் ரூபாயில்தான் பேசப்படும். வளைகுடா நாணயங்கள் பெரும்பாலும் டாலரோடு சேர்த்துக் கட்டப்பட்டவை, பெரிதாக அசையாது. அதனால் திண்டுக்கல்லைப் பொறுத்தவரை சம்பளம் என்பது ஒருவருடைய உயரம் மாதிரி. ஒரு தடவை அளந்து சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. என் கல்யாணத்தைக் கெடுத்தது இந்த நினைப்புதான்.

நான் நைஜீரியாவில், லாகோஸ் நகரத்தில், இந்தியர் ஒருவர் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சராக இருந்தேன். ஒப்பந்தத்தில் என் சம்பளம் அந்த ஊர்க் காசான நைராவில் எழுதப்பட்டிருந்தது. பக்கத்து வகுப்பில் அதே புத்தகத்தை வைத்துக்கொண்டு அதே இலக்கணத்தை நடத்திய இங்கிலாந்துக்காரிக்கு டாலர். அவளுக்கு ஆங்கிலம் தாய்மொழி, எனக்குப் பிழைப்பு மொழி. வேறு காரணம் கிடையாது. அவள் திருத்தாமல் போட்டுவிட்டுப் போன கட்டுரை நோட்டுகளையும் சேர்த்து நான்தான் திருத்தினேன். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் நைராவை ரூபாயாக்கிப் பார்த்தால் திண்டுக்கல் மெட்ரிக் பள்ளிகள் கொடுப்பதைப் போலப் பல மடங்கு வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு லீவில் ஊருக்கு வந்து, மாப்பிள்ளை தேடுவதற்கு பயோடேட்டா அடித்தபோது மாத வருமானத்தை நைராவில்தான் எழுதிக் கொடுத்தேன். அம்மா ஜெராக்ஸ் கடையிலேயே அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு ரூபாயில் போடச் சொன்னாள்.

“நைரான்னா எவளுக்குடி தெரியும்? ஏதோ காய்ச்சல் பேரு மாதிரி இருக்கு.”

“அது மாறிக்கிட்டே இருக்கும்மா. இன்னைக்கு உள்ள ரேட்டு நாளைக்கு இருக்காது.”

“மாறுறப்ப பாத்துக்குவோம். இப்ப இருக்குறதப் போடு.”

போட்டோம். ரூபாய்க் கணக்கு நன்றாகவே வேலை செய்தது. அதுவரை பெண் பார்க்க வந்தவர்கள் என் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை, முன்னால் வந்த பல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கேசரியைத் தின்றுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்புவார்கள். எவரும் சொல்லி அனுப்பியதில்லை. எனக்கு வயது முப்பத்து மூன்று ஆகியிருந்தது. அந்த பயோடேட்டா போன பிறகு பல்லைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அமைந்த மாப்பிள்ளை எங்கள் வட்டாரத்துச் சர்ச்சான பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்தான். நூல் மில்லில் ஆபீஸ் வேலை. அவருடைய அம்மா அரசுப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்றதை இன்னும் ஒப்புக்கொள்ளாதவர். தாடிக்கொம்பு ரோட்டில் சொந்த வீடு. மொட்டை மாடியில் தூண்களுக்கு விட்ட கம்பிகள் துருவேறி வானத்தைப் பார்த்து நின்றன. வீடு பார்க்கப் போன அன்று மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலே கூட்டிப் போய், “மாடி உனக்குத்தாம்மா. நீ அனுப்ப அனுப்ப எந்திரிச்சிரும்” என்றார். கல்யாணம் முடிந்ததும் நான் மட்டும் லாகோஸ் திரும்பி, மாடி முடியும்வரை சம்பாதித்து அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு ஊரோடு வந்துவிடலாம். இதுதான் பேச்சு.

எனக்கு இதில் சம்மதம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்தவர்களில் நான் என்ன பாடம் நடத்துகிறேன் என்று கேட்ட ஒரே ஆள் அவர். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நிச்சயமான பிறகு தினமும் காலையில் போனில் குட் மார்னிங் அனுப்புவார், கூடவே அன்றைய நைரா ரேட்டையும் அனுப்புவார். இதற்கென்றே போனில் ஏதோ ஒன்றை ஏற்றி வைத்திருந்தார். என் வேலை மேல் இவ்வளவு அக்கறையா என்று நான் பூரித்துப் போனேன். அந்த ரேட்டைப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவேன். இப்படியும் ஒருத்தி.

கத்தோலிக்கர்களான எங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். பூசை முடியும் நேரத்தில் பங்குச் சாமியார் இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது என்று அறிவித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் தம்மிடம் வந்து சொல்ல வேண்டும் என்பார். முதலாம் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. மூன்றும் தாண்டிவிட்டால் அப்புறம் ஜவுளிதான், பந்தல்தான். கல்யாணத்துக்காக லீவு போட்டு வந்திருந்த நான் முதலாம் ஓலையை நேரிலேயே கேட்டேன். முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் அம்மா, அத்தனை பெண்களுக்கும் தெரியும்படி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். என் பெயர் ஒலிபெருக்கியில் இன்னொருத்தர் பெயரோடு சேர்ந்து வந்ததில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரம் ஒரு நாள் காலையில் குட் மார்னிங் வரவில்லை. நைஜீரிய அரசாங்கம் அதுவரை இழுத்துப் பிடித்திருந்த நைராவைக் கைவிட்டுவிட்டது, இனி சந்தை சொல்வதுதான் விலை என்ற சேதி எனக்குப் பிறகுதான் வந்தது. முதலில் தெரிந்தது குட் மார்னிங் இல்லை என்பதுதான். கையில் போனை வைத்துக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம் நானே ரேட்டைப் பார்த்தேன். ஒரே நாளில் வெகுவாக விழுந்திருந்தது. அடுத்தடுத்த நாட்களிலும் அது இறங்கிக்கொண்டே போனது.

லாகோஸில் கூட வேலை பார்த்த கேரளத்துக்காரி போன் செய்து, ரொட்டி, பஸ், வாடகை எல்லாம் ஏறுகிறது என்று அழுதாள். இங்கிலாந்துக்காரி என்ன செய்கிறாள் என்று கேட்டேன். டாலரை மாற்றினால் கட்டுக் கட்டாக நைரா வருகிறதாம், சமையலுக்கு ஆள் வைத்துவிட்டாளாம்.

பள்ளி முதலாளிக்குப் போன் போட்டேன். பாதியையாவது டாலரில் தர முடியுமா என்று கெஞ்சினேன். அவர் கோபப்படவே இல்லை. “உங்கள் சம்பளத்தில் ஒரு நைராகூட நான் குறைக்கவில்லையே, டீச்சர்” என்றார். உண்மைதான். ஒருவரும் எதையும் குறைக்கவில்லை. ஒப்பந்தத்தில் இருந்தது அப்படியே இருந்தது. இந்தச் சம்பளத்துக்கு வர உங்கள் ஊரிலேயே ஆள் இருக்கிறது என்பதையும் மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

அப்பா ஒருத்தர்தான் கலங்கவில்லை. அவர் வெங்காயப் பேட்டையில் கமிஷன் கடையில் இருந்து தலை நரைத்தவர். காலையில் ஒரு விலை, வண்டி வந்து சேர்ந்த பிறகு ஒரு விலை என்று பார்த்தே வாழ்ந்தவர்.

“இது என்ன பெரிய விசயம் பாப்பா? வெங்காயம் விழுகாததா? செத்த நேரம் பொறுத்தா ஏறிரும்” என்றார்.

“இது வெங்காயம் இல்லப்பா.”

“எல்லாம் வெங்காயந்தேன்.”

எனக்கும் நம்ப ஆசையாகத்தான் இருந்தது.

இரண்டாம் ஓலை வாசித்தபோது மாப்பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே மகனோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். பகுமானமாக உட்கார்ந்து, காபியைக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முட்டை மார்க் வாங்கியவளின் அப்பாவிடம் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

“நாங்க ஆசைப்பட்டு ஒண்ணும் கேக்கல சம்மந்தி. நீங்க எழுதிக் குடுத்த சம்பளத்த நம்பித்தான் மாடிக்கு லோன் போட்டோம். இப்ப அது பாதிக்குப் பக்கமா போயிருச்சு. அந்தக் குறைய மட்டும் நகையில சரிக்கட்டிருங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

அம்மா உடனே தலையாட்டினாள். அப்பா தரையைப் பார்த்தார். அவரிடம் மிச்சம் இருந்தது குஜிலியம்பாறை பக்கம் ஒரு துண்டு மானாவாரிக் காடு. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் கல். அதை வைத்து நாங்கள் சாப்பிட்டதில்லை. ஆனால் மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய் அதைச் சுற்றி நடந்துவிட்டு வருவார், வந்த அன்று நன்றாகத் தூங்குவார்.

“காட்டக் குடுத்துருவோம் சம்மந்தி” என்றார் அப்பா. “ஒரு பார்ட்டி கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு.”

வெங்காயத்துக்குப் பொறுக்கச் சொன்ன மனிதர் இதற்குப் பொறுக்கச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. வாசலுக்குப் போனேன். மாப்பிள்ளை பைக் பக்கத்தில் நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நீங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்று கேட்டேன்.

“அம்மாகிட்ட நான் என்ன சொல்றது டீச்சர்?”

“சரி, நான் லாகோஸ் போகல. இங்கயே ஏதாவது ஸ்கூல்ல சேந்துர்றேன். ரெண்டு பேர் சம்பளத்துல இருக்க முடியாதா?”

சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பாவப்பட்டுத்தான் சிரித்தார். “இங்க டீச்சருக்கு என்ன குடுக்குறாங்கன்னு எனக்குத் தெரியாதா? கோவப்படாதீங்க. வேணும்னா தேதிய செத்த தள்ளி வைப்போம். ரேட் ஏறட்டும்.”

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இந்த ஆளுக்காகவா அப்பா காட்டை விற்க வேண்டும் என்று தோன்றிய அதே நேரத்தில், இந்த ஆள் வேண்டும் என்றும் இருந்தது. இரண்டுமே உண்மை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கோயிலுக்கு நடந்தேன்.

பங்குச் சாமியார் சின்ன வயதுக்காரர். செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“சாமி, எங்க மூணாம் ஓலைய வாசிக்க வேணாம்.”

குழாயை மூடினார். “ஏம்மா, தடை ஏதும் இருக்கா? ரத்த உறவா? யாருக்காவது முன்னாடியே கல்யாணம் ஆயிருக்கா?”

“நைரா விழுந்துருச்சு சாமி.”

முழுக் கதையையும் சொன்னேன். நிதானமாகக் கேட்டார். பிறகு, “ஆனா திருச்சபைச் சட்டத்துல அது தடை இல்லையேம்மா” என்றார். அந்த மனிதர் என்ன செய்வார், படித்ததைத்தானே சொல்ல முடியும்.

“உங்க சட்டத்துல இல்ல சாமி. தாடிக்கொம்பு ரோட்டுல இருக்கு” என்றேன்.

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. மாப்பிள்ளை வீட்டில் கோபம்கூடப் படவில்லை, நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தை ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார்கள். அப்பா என்னிடம் ஒன்றும் கேட்காமல் மறுநாள் பஸ் ஏறிக் காட்டுக்குப் போய்விட்டு வந்தார். அம்மாதான் விடவில்லை. “ஊருல எவ நகை போடாம போறா? கூடக் கொஞ்சம் கேட்டா குடுத்துட்டுப் போறது. நீயாப் போயி உன் வாழ்க்கைக்கு மண்ண அள்ளிப் போட்டுக்கிட்ட” என்று சோறு போடும்போதெல்லாம் சொன்னாள். ரூபாயில் எழுதச் சொன்னது யார் என்று ஒரு நாள் திருப்பிக் கேட்டேன். “அன்னைக்கு அதுதானே இருந்துச்சு” என்றாள். அதுவும் உண்மைதான்.

லாகோஸுக்கு நான் திரும்பவில்லை. விமான டிக்கெட் டாலர் கணக்கு, சம்பளம் நைராக் கணக்கு. கையிலிருந்து போட்டு வேலைக்குப் போன கதையாகிவிடும். திண்டுக்கல்லிலேயே ஒரு மெட்ரிக் பள்ளியில் சேர்ந்தேன். சம்பளம் சொல்லும்போதும் ரூபாய், வாங்கும்போதும் ரூபாய். அதைக் கேட்டுவிட்டுப் பெண் பார்க்க வந்தவர்கள் மறுபடியும் பல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நைரா ஏறவில்லை. நானும் ஒரு கட்டத்தில் ரேட் பார்ப்பதை நிறுத்திவிட்டேன் என்று சொல்ல ஆசை. நிறுத்தவில்லை, பல் விளக்குவதற்கு முன்னால் இன்றைக்கும் பார்க்கிறேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடியும் நேரத்தில் சாமியார் ஓலை வாசித்தார். மாப்பிள்ளை பெயர், எனக்குக் குட் மார்னிங் அனுப்பியவருடையது. பெண் சித்தையன்கோட்டைப் பக்கம், வேறு பங்கு. குவைத்தில் நர்ஸ் என்று ஓலையில் சொல்ல மாட்டார்கள், ஆனால் கோயிலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. முதலாம் ஓலை. தடை ஏதும் தெரிந்தவர்கள் தம்மிடம் வந்து சொல்லலாம் என்றபோது சாமியார் பாவம், என் பக்கம் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். முன்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா நன்றாகவே திரும்பினார், பெண்கள் பக்கம் முழுவதையும் பார்த்துச் சிரித்தார், கடைசியாக என்னையும்.

பக்கத்தில் இருந்த அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடி எனக்கு ஆறுதலாக இருந்தது. அழலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தபோது என் காதுக்குள் கேட்டாள்.

“ஏண்டி, குவைத்துக் காசு ஒண்ணு நம்ம காசுக்கு எம்புட்டு?”

சொன்னேன். எனக்குத் தெரியாத ரேட் எது?

“அம்புட்டா?” என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். “அப்ப மாடி எந்திரிச்சிரும்.”

என் கையை விட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். சாமியார் ஆசீர் கொடுக்க, எல்லோரும் எழுந்து நின்றோம்.