கம்பளத்தைச் சுற்றி நடப்பவர்கள்

அப்பா வந்திறங்கிய அன்று, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் ஹாலில் வெறுங்காலை வைத்தவர், வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக மறுபடி வைத்தார். குனிந்து டைல்ஸை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "ஏம்மா செல்வி, கீழ் வீட்ல அடுப்பு எரியுதா?" என்று கேட்டார். எங்களுக்குக் கீழே வீடு ஏதும் இல்லை, தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்கள் வளைந்து வளைந்து ஓடுகின்றன, குளிர்காலம் முழுக்க தரைதான் வீட்டைச் சூடாக்குகிறது என்று விளக்கினேன். ஜெர்மன்காரர்கள் இதை ஃபூஸ்போடன்ஹைட்சுங் என்கிறார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கால் சூடாகிவிடும். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "நம்ம லயத்துல இதப் போட்டா ஒருத்தனும் பெரட்டுக்குப் போகமாட்டான்" என்றார். தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளிலிருந்து கிளம்பி, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நின்று விறைத்த கால்கள் எங்கள் குடும்பத்தில் எத்தனையோ உண்டு. இலங்கை மலைநாட்டில், அப்புத்தளைப் பக்கம் மார்கழியில் தரையில் கால் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சிரிப்பு புரியும்.

இந்தச் சூட்டுத் தரைக்கு நான் ஒரு கம்பளம் வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும். அப்பா வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் புது வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் தாதிமாரையும் அக்கம்பக்கத்தையும் ஒரு நாள் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டேன். ஹால் மொட்டையாகக் கிடந்தது. கம்பளம் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று கடைக்குப் போனேன். பதுளைக் கடைத்தெருவில் பாய் வாங்கியிருக்கிறேன். அங்கே கடைக்கார நானா ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "எத்தன பேரு படுப்பீங்க?" இங்கே விற்பனையாளர் முதலில் கேட்டது, தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று. வெந்நீர்க் குழாய் என்றதும், நான் ஆசையாகத் தடவிக்கொண்டிருந்த தடித்த கம்பளத்திலிருந்து என் கையை எடுக்கச் சொல்லாத குறைதான்.

தடிமனாக, நீள நீளமாய் மயிர் தொங்குவது கூடாதாம், சூட்டை மேலே விடாமல் அமுக்கிவிடுமாம். அடியில் ரப்பரோ நுரையோ ஒட்டியது கூடவே கூடாது, அது சூட்டில் இளகித் தரையில் கறையாக ஒட்டிக்கொள்ளுமாம். சுவருக்குச் சுவர் மூடவும் கூடாது. மெல்லியதாக, தட்டையாக நெய்த கம்பளியோ பருத்தியோ சணலோ என்றால் சரி. பின்பக்கம் தைத்திருக்கும் விவரச் சீட்டில், நெளிநெளியாய்ச் சூடு மேலே ஏறுகிற மாதிரி ஒரு சின்னம் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். நான் என் அரைகுறை ஜெர்மனில், ஊரிலிருந்து அப்பா வருகிறார், அவருக்குக் கால் உளைச்சல், காலுக்கு இதமாக ஒன்று வேண்டும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "அப்படியானால் உங்கள் அப்பாவுக்குக் கம்பளமே வேண்டாம், வெறும் தரைதான் நல்லது" என்றார். இந்த ஆளுக்கு வியாபாரம் பண்ணத் தெரியவில்லையே என்று நினைத்தேன். விருந்தாளிகள் வருகிறார்கள் என்றதும்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. தலையாட்டிவிட்டு மெல்லிய கம்பளிக் கம்பளங்கள் இருந்த பக்கம் கூட்டிப் போனார்.

அடர் சிவப்பு, நீலம், சாம்பல் எல்லாம் இருந்தன. நான் பாலாடை நிறத்தில் ஒன்றை எடுத்தேன். யோசித்து எடுக்கவில்லை, கை அதில்தான் போய் நின்றது. வீட்டில் விரித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் உறைத்தது. அச்சு அசலாக அது எங்கள் தோட்டத்து பங்களாக் கம்பளம்.

அப்பா ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் பங்களா வேலை பார்த்தவர். கொழுந்து மலைக்கும் தொழிற்சாலைக்கும் போகாமல், தோட்டத்தை நிர்வகிக்கிற தொரையின் பங்களாவைத் துடைத்து, மேசைக்குப் பரிமாறுகிற வேலை. தொரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். என் காலத்துத் தொரைமார் எல்லாம் கண்டிக்காரர்கள், கொழும்புக்காரர்கள். ஆள் மாறினாலும் பங்களாச் சட்டம் மாறவில்லை. சிமெந்துத் தரைக்குச் சிவப்புப் பாலிஷ் பூசி, பாதியாய் வெட்டிய தேங்காய் மட்டையில் ஒரு காலை வைத்து, முகம் தெரிகிற வரைக்கும் தேய்ப்பார் அப்பா. வேலைக்காரர்களுக்கு உள்ளே செருப்பு கிடையாது. அதனால் அவர் உள்ளங்கால் எப்போதும் செக்கச் செவேலென்று இருக்கும், எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. பெரிய ஹாலில் பாலாடை நிறத்தில் ஒரு கம்பளம். பாலிஷ் பட்ட கால் அதில் பதிந்துவிடும் என்று, வேலைக்காரர்கள் அதை மிதிக்கக் கூடாது. கையில் தேநீர்த் தட்டோடு, சுவரை ஒட்டி, ஓரமாகவே சுற்றிப் போவார் அப்பா. விடுமுறை நாட்களில் அவருக்குச் சோறு கொண்டுபோகும் நான், குசினிக் கதவு வழியாக அதைப் பார்த்திருக்கிறேன். அந்த வயதில் அது அழகாகக்கூட இருந்தது. ஒரு சொட்டு சிந்தமாட்டார்.

அது அழகில்லை என்று தெரிந்தது பதுளையில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு. பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அப்பா, யாரும் சொல்லாமலே வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றினார். அவர் படியேறும்போது உள்ளங்காலைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் இருந்த பிள்ளை, "உங்கப்பா தீ மிதிச்சாரா?" என்று பக்தியோடு கேட்டது. நான் என் கால்களை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

இப்போது அப்பாவின் கால் வெளுத்துவிட்டது. பங்களா வேலையை விட்டுப் பல வருடமாகிறது. அம்மா போன பிறகு ஹாலிஎலவில் அண்ணனோடு இருக்கிறார். மூன்று மாத விசாவில் இங்கே வந்தவர், முதல் நாள் இரவே ஹாலைச் சுற்றி ஓரமாக நடந்தார். சோபாவுக்குப் போக நேரே நாலு எட்டு வைத்தால் போதும். அவர் ஜன்னல் பக்கமாகப் போய், டிவிக்கு முன்னால் திரும்பி, சுவரைத் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. "அப்பா, இது நம்ம வீடு. மேலயே நடங்க" என்றேன். "நடக்குறேன்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஓரத்துலதாம்மா சூடு நல்லா ஏறுது. விரிப்புப் போட்ட எடத்துல அவ்வளவா வரல." கால் உளைச்சல்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. அவர் தூங்கப் போனதும் நான் கம்பளத்தின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சூடு நன்றாகவே ஏறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. என் மனம் நோகக் கூடாது என்று அப்பாதான் பொய் சொல்லியிருந்தார்.

விருந்து நாள் வந்தது. பின்னேரம் பத்துப் பன்னிரண்டு பேர், சாக்ஸ் காலோடு ஹால் முழுக்க நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் குசினியில் வடை போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மேடையில் வைத்திருந்த தேநீர்த் தட்டைக் காணவில்லை. அப்பா அதை எடுத்துக்கொண்டு போயிருந்தார். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டு, முதுகை லேசாக வளைத்து, கம்பளத்தைச் சுற்றி ஓரமாக ஒவ்வொருவராகப் போய்க் குனிந்து நீட்டினார். ஓடிப்போய், "அப்பா, நீங்க உக்காருங்க" என்று தட்டைப் பிடித்தேன். "வந்தவங்கள கவனிக்கணும்ல, நீ போம்மா" என்று தட்டை விடவில்லை. ஹால் ஓரத்தில் அப்பாவும் மகளும் ஒரு தட்டுக்கு மல்லுக்கட்டுவதை எல்லாரும் பார்த்தார்கள். நான் விட்டுவிட்டேன். எனக்குக் காது மடல் வரை சுட்டது.

பக்கத்து வீட்டு ஃப்ராவ் லிண்ட்னர், அதாவது திருமதி லிண்ட்னர், ஓய்வுபெற்ற ஆசிரியை, கண்ணில் எதுவும் தப்பாது. அவர் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "உன் அப்பா இதை மிதிப்பதே இல்லையே, இது ஏதாவது புனிதமான விரிப்பா?" காலில் சூடு வேண்டுமென்று ஓரமாக நடக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். அப்பாவே சொல்லிக்கொடுத்த பதில் அது. அந்த நேரத்தில் தோன்றவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம், அதற்கு வாய் வரவில்லை. "ஆமாம், எங்கள் வழக்கம். கையால் நெய்ததைக் காலால் மிதிக்கமாட்டோம்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

ஃப்ராவ் லிண்ட்னர் வாயைப் பொத்திக்கொண்டு கம்பளத்தை விட்டு இறங்கினார். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சொன்னார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் மன்னிப்புக் கேட்டபடி கம்பளத்தை விட்டிறங்கிச் சுவரோரமாக நின்றுகொண்டார்கள். "எவ்வளவு அழகான வழக்கம், நாங்கள்தான் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டோம்" என்றாள் என்னோடு வேலை செய்யும் ஒருத்தி. நடுவில் கம்பளம் காலியாகக் கிடந்தது. நான் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன். பங்களாவில் ஒரு மனிதனைச் சுவரோரம் தள்ளி வைத்த சட்டத்தை, நம் பண்பாடு என்று சொல்லிக் கைதட்டு வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அப்பா குசினிக்குள் வந்து குசுகுசுவென்று கேட்டார். "ஏம்மா, எல்லாரும் ஓரமா ஒதுங்கிட்டாங்க? நான் எதுனா தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லப்பா. விரிப்பு அழுக்காயிரும்னு ஒதுங்குறாங்க."

அவர் முகம் தெளிந்தது. "நல்ல மனுசங்க. வெள்ளக்காரங்களே இப்புடிப் பாத்துப் பாத்து நடக்குறாங்கன்னா நாம எம்மாத்திரம்" என்று சொல்லிவிட்டு, தட்டைத் துடைத்து அடுத்த சுற்றுக்கு அடுக்க ஆரம்பித்தார்.

ஒரு பொய்யை மூடப் போட்ட இரண்டாவது பொய், அப்பாவை இன்னும் இறுக்கமாகச் சுவரோடு சேர்த்துவிட்டது. அன்றைக்குப் பிறகு எவ்வளவு கெஞ்சியும் அவர் காலை அதில் வைக்கவில்லை. "விடும்மா, அவங்களே மிதிக்கிறதில்ல" என்று முடித்துவிடுவார். பக்கத்து வீட்டார் வரும்போதெல்லாம் என் பொய்யைக் காப்பாற்ற நானும் ஓரமாக நடக்க வேண்டியதாயிற்று. என் கணவர், "பேசாம அதச் சுருட்டி மேல போட்டுரு" என்றார். சுருட்டினால் அப்பா, தன்னால்தான் என்று நினைப்பார். வைத்திருந்தால் சுற்றி நடப்பார். என்ன செய்வதென்று தெரியாமல் அது அங்கேயே கிடந்தது. வெளிநாட்டில் இருக்கிற உங்களில் பலருக்கும் இப்படி வீட்டுக்குள் ஏதாவது ஒன்று கிடக்கும், அகற்றவும் முடியாமல் மிதிக்கவும் முடியாமல். ஊரில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: தூரம் வந்துவிட்டால் வெட்கம் தொலைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். விசா இல்லாமலே அது கூடவே வந்துவிடுகிறது.

போன சனிக்கிழமை ஃப்ராவ் லிண்ட்னர், தான் சுட்ட கேக்கோடு வந்தார். கூடவே அவர் பேத்தி லீனா, நாலு வயதுக் குழந்தை. நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். லீனா சப்பாத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, கம்பளத்தின் விளிம்பை ஒட்டித் தரையில் ஒவ்வொரு காலாக வைத்து நடந்தாள். ஜன்னல் பக்கமாகப் போய், டிவிக்கு முன்னால் திரும்பி, சுவரைத் தொட்டுக்கொண்டு. "நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றார் ஃப்ராவ் லிண்ட்னர் பெருமையாக.

சோபாவில் இருந்த அப்பா பதறி எழுந்தார். "ஐயையோ, பேபிய ஏன் ஓரமா நடக்க விட்டீங்க?" என்றார். பேபி என்பது பங்களாவில் தொரையின் பிள்ளைகளை அவர் கூப்பிட்ட சொல். "வாங்க பேபி, வாங்க. நீங்க மிதிக்கலாம்" என்று அவள் கையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு, தான் தரையிலேயே நின்றபடி, எட்டின மட்டும் உடம்பை வளைத்து, குழந்தையைக் கம்பளத்தின் நடுப்பக்கமாக அனுப்பினார். லீனா அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள். முதலில் தன் காலைப் பார்த்தாள். பிறகு விளிம்புக்கு வெளியே சுத்தமாக ஒட்டி வைத்திருந்த அப்பாவின் வெறுங்கால்களைப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "ஓபாவுக்குக் கூடாதா?" ஓபா என்றால் தாத்தா.

அவள் என் கால்களையும் பார்த்துவிட்டு, "உனக்கும் கூடாதா?" என்றாள்.

ஃப்ராவ் லிண்ட்னர், எங்கள் வழக்கத்தில் இன்னும் ஏதோ நுட்பம் இருக்கிறது, அதையும் தெரிந்துகொள்ளலாம் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா குழந்தையின் கையை விடாமல், வளைந்த முதுகோடு என் பக்கம் திரும்பினார்.

"பேபி என்னமோ கேக்குதே, என்னன்னு சொல்லும்மா" என்றார்.

எனக்கு இரண்டு மொழியும் தெரியும்.